கண்டி வீதியின் மற்றத் தொங்கல்

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியில் இருக்கிறது. கலியாணக் கார்டிலும் அப்படித்தான் விலாசம் அச்சடித்தோம். ஆனால் வீட்டில் ஒருவரும் கண்டியைக் கண்டதில்லை. கடந்த பாடசாலை விடுமுறையில்தான் அந்தக் குறை தீர்ந்தது. அதை வாசக சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

வானில் நான், இவர், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா, அக்காவின் மகள். முன் சீற்றில் அப்பா. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டோம். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனது நல்லதாய்ப் போச்சு. வவுனியா, தம்புள்ளை தாண்டி மாத்தளையில் முத்துமாரி அம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினோம். அங்காலே ஏற்றமும் வளைவும்தான். சின்னவன் சத்தி எடுத்துவிட்டான். (போகிறவர்கள் தேசிக்காயும் இரண்டு வெறும் பையும் கையோடு வைத்திருங்கள்.)

தலதா மாளிகையையும் வாவியையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அங்கிருந்து ஆறேழு கிலோமீற்றரில் இருக்கிற பேராதனையைப் பற்றி.

2006 இல் அக்காவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நான் ஓ.எல். உடன் நின்றவள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் கிடைத்த முதல் ஆள் அக்காதான். அந்த வருடம் ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து படிக்கப் போன பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா விடவில்லை. "குமர்ப்பிள்ளையைக் கடலாலே அனுப்பிப்போட்டு நான் நித்திரை கொள்ளுறதோ?" என்று ஒரே பிடி. அந்த நாளில் அவரைக் குறை சொல்லவும் ஏலாது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை வீட்டில் ஒருவரும் எடுத்ததில்லை.

பல்கலைக்கழகம் என்றால் ஒரு மதிலும் கேற்றும் என்றுதான் நினைத்திருந்தேன். இது ஒரு ஊரல்லவா! ஒரு பக்கம் ஹந்தானை மலை, மற்றப் பக்கம் மகாவலி, ஊடாலே கலஹா வீதி. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகிற மரங்கள். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் இங்கே வந்ததாம்.

நாங்கள் வழி கேட்ட மட்டக்களப்புப் பிள்ளை ஒன்று தானும் கூடவே வந்து காட்டியது. சேர் பொன். இராமநாதன், சேர் பொன். அருணாசலம் பெயர்களில் விடுதிகள் இருக்கின்றன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களைக் கொண்டு கூத்து ஆடுவித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் என்றதும், கூத்துப் பைத்தியமான அப்பா முழங்கால் நோவை மறந்து நடந்தார். 1954 இல் எலிசபெத் மகாராணி வந்தபோது, இளவரசர் பிலிப் பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்தாராம். பிள்ளைகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தபடியால் "வழமையை விடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது" என்று பகிடியாய்ச் சொல்லி, அதையே கல்லிலும் வெட்டி வைத்தார்களாம். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

மேலே குறிஞ்சிக் குமரனைக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தோம். மலையில் மழைப் புகார் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பிள்ளையிடம் ஒவ்வொன்றாய் விசாரிக்கத் தொடங்கினா. முதல் வருசத்துக்கு எந்த விடுதி? ஒரு அறையிலே எத்தனை பேர்? இந்தக் குளிருக்கு எப்படிக் குளிக்கிறது? நாளைக்கே பெட்டியோடு வரப்போகிறவ மாதிரி. அந்தப் பிள்ளையும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இவ்வளவுதானோ பிள்ளை தூரம்?" என்றார்.

"அப்பேக்கை தூரம்தானே அப்பா," என்று சொல்லி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றி அவர் கையில் கொடுத்தா அக்கா. வேறொன்றும் கதைக்கவில்லை.

திரும்பி வந்த அடுத்த நாள், அக்கா அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மகளுக்குக் காட்டினா. 2006 இல் வந்த அதே கடிதம். இத்தனை வருடமாய் வைத்திருக்கிறா என்று எனக்கே தெரியாது. ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. பெயரும் பேராதனை என்கிற எழுத்தும் அப்படியே இருந்தன.