முதல் ஓவரில் 25 ரன் கொடுத்தவருக்கு என்ன விலை?

2019 மார்ச் 27, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஐபிஎல்லில் தன் முதல் ஓவரை வீச வந்தார் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்து 8.4 கோடிக்குப் போனவர். எதிரே சுனில் நரைன். அந்த ஓவரில் 25 ரன் போனது. மூன்று ஓவர், 35 ரன், ஒரு விக்கெட்டோடு அன்றைய கணக்கு முடிந்தது. பிறகு விரலில் காயம். அந்த சீஸனில் அவர் ஆடியது அந்த ஒரே மேட்ச்தான்.

அடுத்த ஏலத்தில் அவர் விலை 4 கோடிக்கு இறங்கியது. 2020இல் 17 விக்கெட் எடுத்தார். 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று மேட்ச் ஆடி ஒரு விக்கெட்கூட இல்லாமல் திரும்பினார்; இந்திய அணிக் கதவு மூன்றாண்டு மூடிக்கொண்டது. 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தது. 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். அதே ஆண்டு செப்டம்பரில் டி20 பந்துவீச்சுத் தரவரிசையில் உலகின் முதலிடம்.

இந்த ஆறு ஆண்டில் எந்த நாளில் அவரை எடை போட்டிருந்தால் சரியான விலை கிடைத்திருக்கும்? ஃபேன்டஸி கிரிக்கெட்டில், அதாவது நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி கட்டி அவர்கள் ஆட்டத்துக்குப் புள்ளி வாங்கும் விளையாட்டில், அணி கட்டிய லட்சக்கணக்கானவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. அவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்கவேண்டிய தேவையை அந்த விளையாட்டு அவர்களுக்கு வைக்கவில்லை.

ஆளை எடை போட ஊர்களில் வேறு முறை இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் தெற்குப் பக்கம், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் வட்டாரங்களில் அறுவடை முடிந்த வயலும் நீர் வற்றிய ஏரி உள்வாயும்தான் மைதானம். டென்னிஸ் பந்து, டேப் சுற்றிய மட்டை, பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட். எவன் எந்தப் பந்தில் தடுமாறுவான், எவன் கடைசி ஓவரில் பதறமாட்டான் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது. கடந்த பத்தாண்டில் அதே பையன்கள் கையில் மொபைல் வந்தது. மொபைலில் ஃபேன்டஸி ஆட்டம் வந்தது. மதிப்பிடும் முறையே மாறிப்போனது.

பணம் கட்டி ஆடிய நாட்களில் அந்த ஆட்டத்தின் கணக்கு எளிது. ஒவ்வொரு வீரருக்கும் கிரெடிட்டில் ஒரு விலை, 100 கிரெடிட்டுக்குள் 11 பேர். ரன்னுக்கு 1 புள்ளி, விக்கெட்டுக்கு 25, கேட்சுக்கு 8. கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. மேட்ச் தொடங்குமுன் அணியைப் பூட்டவேண்டும். மேட்ச் முடிந்ததும் கணக்கும் முடிந்தது. நாளைக்கு வேறு அணி, வேறு பெயர்கள். பெரிய நட்சத்திரங்களை வாங்கியதுபோக மிச்சமிருக்கும் கிரெடிட்டை நிரப்பத்தான் வளரும் வீரர்கள். சல்லிசாகக் கிடைப்பவன், இன்றைக்கு ஆடினால் ஆடட்டும் என்ற அளவுக்குத்தான் 20 வயதுக்காரனின் மதிப்பு.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை இந்தத் தராசில் நிறுத்திப் பார்க்கலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதும் பந்துவீச்சு முறை குறித்துக் கேள்வி எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வழியாக மீண்டு வந்தார். 2017 ஏலத்தில் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடிக்குப் போனார். அந்த சீஸனில் ஆறு மேட்ச், இரண்டு விக்கெட். அடுத்த ஏலத்தில் 40 லட்சம். 2018இலும் 2019இலும் ஒரு மேட்ச்கூடக் கிடைக்கவில்லை. ஃபேன்டஸி கணக்கில் இந்த மூன்று ஆண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

பூஜ்யமாகத் தெரிந்த அந்த மூன்று ஆண்டில்தான் அவருடைய யார்க்கர் பழுத்தது. 2020இல் 16 மேட்ச், 16 விக்கெட், எலிமினேட்டரில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த பந்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச ஆஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2025 ஏலத்தில் 10.75 கோடி. 2017இல் அவரிடம் அந்தப் பந்து இருந்தது. அதைப் பெரிய மேடையில் நம்பி வீசும் துணிவு வர நாள் பிடித்தது. நாற்றங்காலிலேயே கதிரை எண்ணுபவனுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பேட்ஸ்மேன் சாய் சுதர்சனின் கணக்கு ஒரு பாடம். 2022இல் 20 லட்சத்துக்கு குஜராத் அணியில் சேர்ந்தார். அவர் ஐபிஎல்லில் வாங்கிய விலையைவிட 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி கொடுத்த விலை அதிகம்: 21.6 லட்சம். அவரை வருஷக்கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்த தமிழ்நாட்டு கிரிக்கெட், அகில இந்தியச் சந்தையை முந்திக்கொண்டு விலை சொன்னது. 2022இல் 5 மேட்சில் 145 ரன். 2023இல் 8 மேட்சில் 362. 2024இல் 12 மேட்சில் 527. 2025இல் 15 மேட்சில் 759 ரன், சீஸனின் அதிக ரன்னுக்கான ஆரஞ்சு தொப்பி.

ரன் ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு அடியில் ஓடியது ஸ்டிரைக் ரேட். முதல் சீஸனில் 127, அடுத்த இரண்டிலும் 141, பிறகு 156. நிதானமாக ஆடுபவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், நிதானத்தை இழக்காமல் வேகத்தைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். வளர்ச்சி என்றால் அதுதான். ஒரு மேட்சின் புள்ளிப் பட்டியலில் அது தெரியாது. நான்கு சீஸனை வரிசையாக வைத்தால் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று வாய்ப்பு. 2023 சீஸனின் முதல் மேட்சில் குஜராத் அணியின் கேன் வில்லியம்சன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இம்பாக்ட் பிளேயராக, அதாவது மேட்ச் நடுவே இறக்கும் மாற்று வீரராக, உள்ளே வந்தவர் சாய் சுதர்சன். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் 47 பந்தில் 96 அடித்தது அந்தத் தற்செயலின் தொடர்ச்சி. திறமை அதற்கு முந்தின நாளும் அவரிடம் இருந்தது. புள்ளிதான் இல்லை.

மூன்றாவது, எந்த இடத்தில் ஆடவைக்கிறார்கள் என்பது. வாஷிங்டன் சுந்தர் 2017 டி.என்.பி.எல்.லில் தூத்துக்குடி அணிக்காக 459 ரன் குவித்து 15 விக்கெட்டும் எடுத்தவர். ஐபிஎல்லில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் பவர் பிளே பந்துவீச்சும், பேட்டிங் வரிசையின் கீழ்ப்பகுதியும். விலை 3.2 கோடி, 8.75 கோடி, மறுபடி 3.2 கோடி என்று ஏறி இறங்கியது. ஆனால் 2021 பிரிஸ்பேனில் முதல் டெஸ்டிலேயே 62 ரன், 2024 புனேயில் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட், 2025 மான்செஸ்டரில் ஐந்தாம் இடத்தில் இறங்கி ஆட்டமிழக்காமல் 101. முன்னால் இறக்கினால் என்ன ஆடுவார் என்பதை 17 வயதிலேயே காட்டியவர் அவர்.

இந்த மதிப்பீட்டில் அமெரிக்கர்கள் நம்மைவிட ஒரு படி முன்னே நிற்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டஸி ஆட்டமே 1960களின் தொடக்கத்தில் அங்கே ஓக்லண்ட் நகரத்து நண்பர் கூட்டம் ஒன்றில் பிறந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக், அணியின் மூளை. அங்கே ஒரு வகை ஃபேன்டஸி லீக்கில் வாங்கிய வீரரை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளம் குவார்ட்டர்பேக்கின் விலை என்ன என்பது உயிர்நாடியான கேள்வி. பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் தேர்வானார். அந்த சீஸன் முழுக்க ஒரே ஒரு லீக் ஆட்டம். மறு ஆண்டு 50 டச்டவுன் பாஸ், லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது. ஜோர்டன் லவ் 2020இல் தேர்வாகி மூன்று ஆண்டு ஆரோன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் காத்திருந்து, 2023இல் பொறுப்பேற்றதும் 32 டச்டவுன் பாஸ் எறிந்தார். காத்திருந்தவர்களுக்குத்தான் அந்த லீக்குகளில் ஆதாயம். நம் ஊர் மொபைல் ஆட்டத்தில் காத்திருப்பதற்கு இடமே இல்லை. டாஸுக்கும் கடைசிப் பந்துக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு உத்திரமேரூர் ஆயிரம் ஆண்டாகப் பெயர் பெற்ற ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன: 30 குடும்புகள் (வார்டுகள்), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குலுக்கல்தான், ஆனால் குடத்துக்குள் போவதற்கு முன்னால் சல்லடை. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி வரி நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை. இன்றைய கண்ணுக்கு அந்தத் தகுதிகள் குறுகியவை. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அதில் வழியே இல்லை. ஆனாலும் ஒருவனின் கடந்த காலத்தைப் பார்த்த பிறகே அதிர்ஷ்டத்தை அழைத்தார்கள். ஒரு மேட்ச் ஃபேன்டஸியில் கடந்த காலம் என்பது பெரும்பாலும் போன மேட்ச்.

ஃபேன்டஸி ஆட்டத்தால்தான் பலர் உள்நாட்டுப் போட்டிகளையும் பிட்ச் அறிக்கையையும் கவனிக்கத் தொடங்கினார்கள் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. வைபவ் சூர்யவன்ஷியைக் காட்டுபவர்களும் உண்டு: 13 வயதில் 1.1 கோடிக்கு ஏலம் போய், 14 வயதில், 2025 ஏப்ரல் 28 அன்று 35 பந்தில் சதம் அடித்தவர். அவருக்காக யார் காத்திருந்தார்கள்? உண்மைதான். ஆனால் சூர்யவன்ஷி லட்சத்தில் ஒருவர். மற்றவர்கள் வருணைப் போல, நடராஜனைப் போல விழுந்து எழுந்துதான் வருகிறார்கள்.

கவலை இங்கேதான். டிவியில் வரும் வீரரை ஒரு மேட்சில் தூக்கி எறியப் பழகிய கண், ஊர் மைதானத்துப் பையனையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்குகிறது. பல ஊர்களில் பொங்கல் டோர்னமென்டுகளே இப்போது பிரீமியர் லீக் ஆகிவிட்டன. ஓனர் உண்டு, ஏலம் உண்டு. பிளஸ் டூ படிக்கும் ஒரு லெக் ஸ்பின்னர் முதல் ஓவரில் மூன்று சிக்ஸர் வாங்கினால் அடுத்த மேட்சில் அவனுக்கு இடமில்லை. லெக் ஸ்பின் கைக்கு வசப்பட ஆண்டுகள் ஆகும் என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. அடி வாங்காத மிதவேகப் பந்தை வீசப் பழகிக்கொள்கிறான், அல்லது மட்டையைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். நகரத்துப் பையனுக்கு அகாடமியும் லீக் டிவிஷன்களும் இரண்டாவது வாய்ப்பைத் தரும். ஏரிக்கரைப் பையனுக்கு ஊர் அணிதான் முதல் வாய்ப்பு, இரண்டாவதும் அதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய டி.என்.பி.எல். அணிகூட நிலைக்கவில்லை. திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கி காஞ்சி வீரன்ஸ் ஆன அணி, பிறகு நெல்லைக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது. நம்ம ஊர் அணி என்று சொல்லி, அதில் வளரும் ஒரு பையனைச் சீஸன் சீஸனாகப் பின்தொடரும் பழக்கம் வேர் பிடிப்பதற்குள் போய்விட்டது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை விதித்தது. அவற்றை நடத்துபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. பணம் போனது நல்லது. புள்ளியைக் கொண்டு ஆளை அளக்கும் பழக்கம் சட்டத்தால் போகாது. அதற்கு மாற்று ஆட்டம் வேண்டும்: நண்பர்கள் பத்துப் பேர், காசு இல்லை, டி.என்.பி.எல். வீரர்களை வைத்து ஒரு ஏலம், வாங்கியவரை மூன்று சீஸனுக்கு விடக்கூடாது என்ற ஒரே விதி. அப்போது ஸ்டிரைக் ரேட்டைப் பார்ப்பார்கள், காயத்தை விசாரிப்பார்கள், எந்த இடத்தில் இறக்குகிறார்கள் என்று கவனிப்பார்கள். அதே விதியை ஊர் டோர்னமென்டுக்கும் கொண்டுவரலாம்: 19 வயதுக்குட்பட்ட ஒருவர் ஒவ்வொரு அணியிலும் கட்டாயம், அவருக்கு எல்லா மேட்சிலும் இரண்டு ஓவர் உறுதி, எத்தனை ரன் போனாலும்.

சின்னப்பம்பட்டியில் இப்படிப் பொறுத்திருந்து ஆளை வளர்ப்பது பலித்திருக்கிறது. நடராஜன் ஊருக்குத் திரும்பி இளைஞர்களுக்குப் பயிற்சி தர வழிசெய்தார். அங்கே வளர்ந்த ஜி. பெரியசாமி 2019 டி.என்.பி.எல்.லில் 21 விக்கெட் எடுத்தார். இறுதிப் போட்டியில் 15 ரன்னுக்கு 5 விக்கெட், தொடர் நாயகன் விருது. நடராஜனுக்கு அப்போது ஐபிஎல்லில் இரண்டாண்டாக ஒரு மேட்சும் கிடைத்திருக்கவில்லை. புள்ளிக் கணக்கில் மதிப்பே இல்லாத அந்த நாட்களில்தான் தன் ஊருக்கு இன்னொரு பந்துவீச்சாளரை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார்.