மண் மணமும் மருந்தும்

ஐப்பசி மழை விழுந்ததும் உப்புவெளியில், நிலாவெளியில் மண் மணக்கிறதே, அந்த மணத்தில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பக்டீரியாவுடையது. 1943இல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தந்ததும் இந்த இனந்தான்!

இதன் உறவுக்கார பக்டீரியா ஒன்று 1949இல் பிலிப்பைன்ஸ் மண்ணில் அகப்பட்டது. எரித்ரோமைசின் மருந்தை அது கட்டும் விதத்தைக் கேளுங்கள். மூன்று பெரிய புரதங்கள் வரிசையாக நின்று, மும்மூன்று காபன் அணுக்கள் சேர்ந்த ஏழு துண்டுகளை ஒவ்வொன்றாக இணைக்கின்றன. கோணேசர் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர் பூவுக்குப் பின் பூ வைத்து முடிச்சுப் போடுவாரே, அப்படி. கடைசிப் புரதம் இரு நுனிகளையும் சேர்த்து வளையமாக்கும். பிறகு இரண்டு சர்க்கரைகள் அதில் ஏற வேண்டும். அவை ஏறாவிட்டால் மருந்துக்கு வீரியம் இல்லை.