மேட்டில் வெட்டு, பள்ளத்தில் உப்பு

வயலில் உப்புப் பூப்பது நமக்குப் புதிதல்ல. கடலோர நிலமாக இருக்கும், இல்லையென்றால் வாய்க்கால் பாசனம் மிஞ்சிப்போய் வடிகால் இல்லாத நிலமாக இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரமோ மானாவாரி பூமி. கடலுக்கு வெகு தொலைவு. ஆனாலும் அந்த மாநிலத்தின் தென்மேற்கில் 10 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் உவராகிவிட்டது.

உப்பு வந்தது மழையோடு. கடல் திவலையிலிருந்து காற்று தூக்கிவந்த உப்பை மழை மண்ணில் இறக்கியது. ஆண்டுக்குச் சொற்பம்தான், ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள். அங்கிருந்த தைல மரக் காடுகள் ஆழ வேரால் மழைநீரை உறிஞ்சிக்கொண்டு, உப்பை அடிமண்ணிலேயே விட்டுவைத்தன. நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று நம் ஊரில் தைல மரத்தைத் திட்டாதவர் இல்லை. தாய்மண்ணில் அந்தக் குடிதான் நிலத்தைக் காத்திருக்கிறது!

வெள்ளைக் குடியேறிகள் காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். கோதுமை வேர் அவ்வளவு ஆழம் போகாது. சில மாதத்தில் அறுவடையும் முடிந்துவிடும். குடிக்க ஆளில்லாத மழைநீர் கீழே இறங்கியது. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்காண்டு உயர, அடியில் கிடந்த உப்பும் கரைந்து கூடவே ஏறியது. தரைக்குச் சுமார் 2 மீட்டர் கீழே வந்துவிட்டால் போதும். மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் தானாக மேலேறி ஆவியாகும், உப்பு வெள்ளையாய்ப் படியும். நீராவி எஞ்சினுக்கு எடுத்த ஓடைநீர் கரிப்பதை ரயில்வேக்காரர்கள் முன்பே கண்டிருந்தார்கள். காடழிப்புதான் காரணம் என்று டபிள்யூ. இ. வுட் என்ற ரயில்வே பொறியாளர் 1924இலேயே எழுதிவிட்டார். கேட்பாரில்லை; வெட்டு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

இதில் பெரிய வம்பு, மேட்டில் இறங்கும் நீர் பள்ளத்தில்தான் மேலெழும்; வெட்டியவர் மேட்டில் இருப்பார், வயலை இழப்பவர் பள்ளத்தில் இருப்பார். அதுவும் ஒரு தலைமுறை கழித்து. தன் வேலிக்குள் எவ்வளவு பாடுபட்டாலும் தனி விவசாயியால் ஒன்றும் ஆகாது. ஒரே ஓடைக்கு நீர் தரும் பண்ணைகள் அத்தனையும் ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1986இல் தொடங்கிய 'லேண்ட்கேர்' இயக்கத்துக்கு இதுதான் அடிப்படை. அமைச்சர் ஜோன் கர்னரும் விவசாயிகள் கூட்டமைப்பின் ஹெதர் மிட்செலும் சேர்ந்து தொடங்கியது. முதல் குழு வின்ஜல்லாக் என்ற சிற்றூரில்.

இப்படிக் கூடிப் பேசும் விவசாயிகள் நீர்மட்டம் பார்க்கும் கருவி வெகு எளியது. நிலத்தில் துளையிட்டு இறக்கிய குழாய். அளவுநாடாவின் நுனியில், அடி குழிந்த சிறு உலோகக் குண்டு. குழாய்க்குள் விட்டால் நீரைத் தொட்டதும் 'ப்ளப்' என்று சத்தம் கேட்கும். உடனே நாடாவைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அக்கம்பக்கத்துக் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மேட்டில் மரம் வைத்தால் எந்தப் பள்ளம் தப்பும் என்று பேச ஒரு பிடி கிடைக்கிறது.

ஆனால் பேச்சும், வரப்போரம் நாலு கன்றும் போதாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் டென்மார்க் ஆற்றுக்கு நீர் தரும் நிலத்தில் 1978இல் காடழிப்புக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. பிறகு ஆற்றின் மேல்பகுதியில் பெருமளவில் தைல மரத் தோப்புகள் எழுந்தன. ஆற்றுநீரின் உப்பு நன்றாகவே இறங்கியது. கோதுமை வட்டாரத்தில் அவ்வளவு நிலத்தை மரத்துக்கு விட விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை; அங்கே பெரும்பாலான இடங்களில் உவர் இன்னும் குறையவில்லை.