கிணற்றுக்கு ஒரு லினக்ஸ்

பனவடலிசத்திரத்தில் எங்க தோட்டத்துக் கிணத்துல தண்ணி எவ்வளவு கிடக்குன்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குறிச்சு வைக்கணும். பக்கத்துல ஒரு மழைமானி. ஐப்பசி, கார்த்திகையில எவ்வளவு மழை பெஞ்சா எத்தனை நாள் கழிச்சுக் கிணறு ஏறுதுன்னு பார்க்கணும்கிறது என்னோட நெடுநாள் ஆசை. அப்பாகிட்ட சொன்னப்ப, "ஏல, கயித்துல கல்லைக் கட்டி விட்டாத் தெரியப்போவுது. இதுக்கு ஒரு கம்ப்யூட்டரா?" என்றார்.

போன வருஷம் ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ ஒன்றில் வழக்கமான ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டு மோட்டார் ரூம்ல வச்சேன். இரண்டு மாசம் ஓடியது. நவம்பர்ல, நல்ல மழை நேரத்துல, எஸ்டி கார்டு போயிடுச்சு. அந்தப் பருவத்தின் பாதி டேட்டா காலி. மழை திரும்பப் பெய்யுமா என்ன?

காரணம் கரண்ட். தோட்டத்துல எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. எஸ்டி கார்டுக்குள்ள இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் கொஞ்சமா எழுதலாம், ஆனா அழிக்கும்போது பெரிய பிளாக்காத்தான் அழிக்க முடியும். அதனால ஒரு வரி எழுதினாலும் கார்டு உள்ளுக்குள்ள டேட்டாவை இடம் மாத்திக்கிட்டே இருக்கும். அந்த நொடியில கரண்ட் போனா, நீங்க தொடவே செய்யாத ஃபைலும் கெடலாம். முழு ஓஎஸ் என்றால் லாக், கேஷ் என்று யாரும் கேட்காமலே எந்நேரமும் ஏதாவது எழுதிக்கிட்டு இருக்கும். என் வேலைக்கு அதுல முக்காவாசி தேவையே இல்லை.

அதனால இந்தத் தடவை பில்ட்ரூட். 2001-ல் யுசிலிப்சி என்ற சின்ன சி லைப்ரரியைச் சோதிக்க ஆரம்பிச்சது. மூலநிரலிலிருந்து கம்பைலர், கெர்னல், கருவிகள் எல்லாத்தையும் தானே கட்டி, கடைசியில கார்டுக்கு எழுத ஒரே ஒரு இமேஜ் ஃபைல் தரும். உள்ள இருக்கும் கட்டளைகள் பிஸிபாக்ஸ்: எல்எஸ், சிபி, ஷெல் எல்லாம் ஒரே பைனரி. புரூஸ் பெரன்ஸ் 1995-ல் டெபியன் இன்ஸ்டாலரை ஒரு ஃபிளாப்பிக்குள்ள அடக்க எழுதியது. அந்தக் கஞ்சத்தனம் இன்னைக்கும் உதவுது.

ஜீரோ டபிள்யூவுக்கான டெஃப்கான்ஃபிக் பில்ட்ரூட்டிலேயே இருக்கு. அதை எடுத்து, மெனுவில் தேவையானதை டிக் பண்ணி, மேக் கொடுத்தா போதும். என் பழைய லேப்டாப்பில் முதல் தடவை இரண்டு மணி நேரம். ஒன்றை ஞாபகம் வச்சுக்கோங்க: டிக்கை எடுத்துட்டு மறுபடி மேக் கொடுத்தா அந்த பேக்கேஜ் இமேஜை விட்டுப் போகாது. மேக் கிளீன் பண்ணணும். இது தெரியாம ஒரு ராத்திரி போச்சு.

முக்கியமான முடிவு, ரூட் ஃபைல்சிஸ்டத்தை ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆக்கியது. சுருக்கி வைத்தது, படிக்க மட்டும்தான், எழுதவே முடியாது. முதல் பூட்டிலேயே கெர்னல் பேனிக். நான் எடுத்த கெர்னல் கான்ஃபிக்கில் ஸ்குவாஷ்எஃப்எஸ் டிரைவர் மாட்யூலா இருந்தது. அந்த மாட்யூல் இருப்பதோ அதே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள்ள. சாவியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டின கதை. கெர்னலோடு சேர்த்துக் கட்டினதும் சரியாச்சு.

அடுத்து வைஃபை வரலை. டிரைவர் இருந்தாலும், சிப்புக்கான ஃபர்ம்வேரைத் தனியா டிக் பண்ணணும்.

இதெல்லாம் விட மோசமானது நேரம். இந்த போர்டில் கடிகாரம் கிடையாது. நெட் கிடைக்கிற வரை 1970 ஜனவரி 1 என்றுதான் நினைச்சுக்கிட்டு இருக்கும். தோட்டத்துல நெட் எப்போதாவதுதான். மழை பெய்த நேரமே தப்பா இருந்தா டேட்டா எதுக்கு? டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை, பொத்தான் பேட்டரியோடு, ஐ2சி பின்களில் மாட்டினேன். அதன் டிரைவரையும் கெர்னலுக்குள்ள வச்சு, துவக்க ஸ்கிரிப்டில் ஹெச்டபிள்யூகிளாக் வரி ஒன்று சேர்த்தேன்.

அளவுகள் முதலில் ரேமில் சேரும். மணிக்கு ஒருதரம் மட்டும் கார்டில் தனியா ஒரு பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணி, எழுதி, சிங்க் பண்ணி, உடனே அன்மவுன்ட். நடுவுல கரண்ட் போனா அதிகபட்சம் ஒரு மணி நேர டேட்டா போகும். எழுதும் நொடியிலேயே போனா அந்தப் பார்ட்டிஷன் அடிபடலாம், அது உண்மை. ஆனா சிஸ்டம் எழும்ப வாய்ப்பு ரொம்ப அதிகம்.

கெர்னல் 6 எம்பி, மீதி எல்லாம் 9 எம்பி. பிளக்கைப் போட்டு 12 நொடியில் முதல் அளவு வருது. ஊர்ல வச்சுட்டு வரும் முன்னாடி சுவிட்சை நாற்பது தடவை போட்டுப் போட்டு அணைச்சேன். நாற்பது தடவையும் எழுந்தது. அப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தார்.

நேத்து போன் பண்ணினார். "கல்லுல பதினெட்டு அடி வருது. உன் பெட்டி என்ன சொல்லுது?" பதினேழரை. சென்சாரில் ஈரம் படிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பார்க்கணும்.