கறுப்பினத்தவர் கட்டிய ஊர்

1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவின் ஆலைகளை மூடவைத்தது. வாடகை கொடுக்க முடியாத குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1933-இல் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு, ஏழைத் தொழிலாளருக்குத் தோட்டத்துடன் வீடு தரும் திட்டத்தைத் தொடங்கியது. வேலை போனாலும் காய்கறியும் கோழியும் குடும்பத்தைக் காப்பாற்றும் என்பது அதன் கணக்கு.

நல்ல திட்டம்தான். ஆனால், வீடு யாருக்கு என்ற கேள்வி வந்தபோது நிறம் குறுக்கே நின்றது. மேற்கு வர்ஜீனியாவில் உருவான முதல் குடியிருப்பான ஆர்தர்டேலில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே அரசே எழுப்பிய கிரீன்பெல்ட் நகரைக் கட்டியவர்களில் கறுப்பினத் தொழிலாளர்களும் உண்டு. 1937-இல் அங்கே குடியேற்றம் தொடங்கியபோது, 885 வீடுகளில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டுவதற்கு அவர்கள் கை வேண்டும். பக்கத்து வீட்டில் அவர்கள் இருக்கக் கூடாது!

இந்தக் காலத்தில்தான் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டனில் அபர்டீன் கார்டன்ஸ் உருவானது. கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்ப்டன் கல்வி நிறுவனம் முயன்று அரசிடம் நிதி பெற்றது. வடிவமைத்தவர் ஹில்யார்ட் ராபின்சன் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஐரோப்பாவின் தொழிலாளர் குடியிருப்புகளை நேரில் பார்த்துப் படித்தவர் அவர். கட்டியவர்களும் கறுப்பினத் தொழிலாளர்களே. 440 ஏக்கரில் 158 செங்கல் வீடுகள். ஒவ்வொன்றிலும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, பின்னால் காய்கறித் தோட்டம், கோழிக்கூடு. அருகிலிருந்த நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்துவிட்டு நெரிசலான குடிசைப் பகுதிக்குத் திரும்பியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

ஆனாலும் இது தனிக் குடியிருப்புதான். வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவைத்த இடத்தில் இருப்பது என்றால் என்னவென்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று முத்திரை குத்தி, அங்கே உத்தரவாதத்தை மறுத்தது. வெள்ளையர் கடன் வாங்கி வீடு வாங்கினார்கள்; அந்த வீட்டின் மதிப்பு ஏற ஏறப் பிள்ளைகளுக்குச் சொத்து சேர்ந்தது. கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. இரு தரப்பின் சொத்தில் இன்றும் தெரியும் இடைவெளியின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அபர்டீனில் என்னை நிறுத்திய செய்தி தெருப் பெயர்கள். அவற்றில் பல, கறுப்பின முன்னோடிகளின் பெயர்கள். ஒரு தெரு மேரி பீக்குடையது. கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பதை வர்ஜீனியா சட்டம் தடுத்திருந்த காலத்தில் மறைவாகப் பாடம் சொன்னவர் அவர். 1861-இல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஹாம்ப்டனில் ஓர் ஓக் மரத்தடியில் கற்பித்தார். அந்த மரம் இன்றும் நிற்கிறது.

1994-இல் இந்தக் குடியிருப்பு அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்ந்தது. பழைய வீடுகளில் ஒன்று இப்போது அருங்காட்சியகம். அது இருப்பது மேரி பீக் தெருவில்.