விமானி தேர்வுக்கு எந்த ஜியாமெட்ரி பாக்ஸ்?

ஐரோப்பாவில் பயணிகள் விமானத்தை ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு இன்று பெரும்பாலும் கணினித் திரையில்தான் நடக்கிறது. ஆனால் தேர்வறைக்குள் எடுத்துச்செல்லக்கூடிய கருவிகள் பழைய காலத்தவை: கோணமானி, காம்பஸ், டிவைடர், அடிக்கோல், கையால் திருப்பும் ஸ்லைடு ரூல். கால்குலேட்டர் உண்டு, அதில் புரோகிராமோ விமானக் கணக்குகளோ இருக்கக் கூடாது. அமெரிக்கத் தேர்வில் மின்னணு விமானக் கணிப்பான்களுக்கும் இடமுண்டு. ஆகவே, எந்த நாட்டு உரிமம் என்று முடிவான பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இவற்றில் விலை அதிகமானதும் முக்கியமானதும் ஸ்லைடு ரூல்தான். 1930களில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பிலிப் டால்டன் வடிவமைத்த கருவிதான் இ-6பி என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மாணவர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த சி.ஆர்.பி-1, சி.ஆர்.பி-5 வட்டுகளை வாங்குகிறார்கள். பொழுதுபோக்குக்காகப் பறப்பவருக்கு முதலாவது போதும். ஜெட் விமானத்தை நோக்கிப் படிப்பவர் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். மெய்யான காற்றுவேகம் 300 நாட் (மணிக்கு 300 கடல் மைல்) என்ற அளவைத் தாண்டினால், விமானத்தின் முன்னால் காற்று அமுங்கி வேகமானியை ஏமாற்றத் தொடங்கும். அதைச் சரிசெய்யும் அளவுகோல் சி.ஆர்.பி-5இல் இருக்கிறது.

வட்டின் ஒரு முகம் காற்றுக்கானது. 120 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்தின் பாதைக்குக் குறுக்கே 20 நாட் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். சொரசொரப்பான வட்டின்மேல் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பினால் விடை தெரியும்: மூக்கைக் காற்று வரும் பக்கம் ஏறத்தாழ 10 டிகிரி திருப்ப வேண்டும், தரைவேகம் 118 நாட். முக்கோணவியல் சூத்திரம் எதுவும் எழுதவில்லை. திசையன் முக்கோணத்தை வட்டே வரைந்து காட்டிவிட்டது.

மறுமுகம் மடக்கை அளவுகோல். எண்களை மடக்கை இடைவெளியில் பொறித்துவிட்டால், பெருக்கலும் வகுத்தலும் நீளங்களைக் கூட்டுவதும் கழிப்பதுமாக மாறிவிடும். ஒரு மணியின் 60 நிமிடத்தைத் தரைவேகமான 118க்கு நேராக நிறுத்தி, 85 கடல் மைலுக்கு நேரே பார்த்தால் 43 என்று இருக்கும். அது 4.3 நிமிடமா, 43ஆ, 430ஆ என்று கருவி சொல்லாது. நிமிடத்துக்குச் சுமார் இரண்டு மைல், ஆகவே நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று மாணவர் மனத்தில் முன்பே தோன்றியிருக்க வேண்டும். இந்தக் கருவியின் பெருமதிப்பு இதில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். 1983இல் கனடாவில் ஒரு போயிங் 767, கிலோகிராம் கணக்கில் போட வேண்டிய எரிபொருளைப் பவுண்டு கணக்கில் நிரப்பிக்கொண்டு பறந்தது. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் அது சறுக்கி இறங்கியதில் எல்லோரும் உயிர் தப்பினார்கள். விடையின் அளவைச் சந்தேகிக்கும் பழக்கம் விமானிக்கு எவ்வளவு தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்தது பென்சில். 1:5,00,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். மழுங்கிய முனையின் கோடே அந்தத் தடிமனுக்கு வந்துவிடும். ஆறு சென்டிமீட்டர் கோட்டின் முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், கோணம் ஒரு டிகிரி மாறும். 0.5 அல்லது 0.3 மில்லிமீட்டர் லெட் பென்சில் வாங்குங்கள். கோட்டை இரு பக்கமும் நீட்டி வரையுங்கள்.

கோணமானி சதுரமாக, கட்டம் போட்டதாக இருந்தால் தீர்க்கரேகையோடு பொருத்துவது எளிது. விமானிகள் பயன்படுத்தும் லாம்பர்ட் வகை வரைபடங்களில் தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்குவதால், ஒரே நேர்கோடு ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் வெட்டும். அதனால் பாதையின் நடுவில் வைத்து அளக்க வேண்டும்.

அடிக்கோலின் இரு விளிம்புகளிலும் வெவ்வேறு வரைபட அளவு இருக்கும். விளிம்பு மாறினால் தூரம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடலாம். எனவே டிவைடரால் சரிபாருங்கள். தீர்க்கரேகையின் வழியே அட்சரேகையின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். கிழக்கு மேற்காக அளக்காதீர்கள். 60 டிகிரி அட்சரேகையில் தீர்க்கரேகையின் ஒரு நிமிடம் அரைக் கடல் மைல்தான்.

பிளாஸ்டிக் வட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் நெளிந்துவிடும். தேர்வுக்கு முந்தைய வாரம் புதிது வாங்காதீர்கள். படிப்பு தொடங்கும் நாளிலேயே வாங்கி, அதே வட்டில் எல்லாக் கணக்குகளையும் போட்டுப் பழகி, அதையே தேர்வறைக்கு எடுத்துப் போங்கள்.