நீரில் விழுந்த காரிலிருந்து உயிர் தப்புவது எப்படி?

நம் கிராமங்களில் கார் இன்று அரிய பொருளன்று. ஆனால் ஊர்ச் சாலைகள் பல, கண்மாய்க் கரையையும் வாய்க்கால் ஓரத்தையும் ஒட்டியே செல்கின்றன. மழைக்காலத்தில் தரைப்பாலங்களிலும் இரயில்வே சுரங்கப்பாதைகளிலும் வெள்ளம் சூழ்ந்துகொள்கிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் ஒன்று அகப்பட்டு, அதில் சென்றவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே, இத்தகைய ஆபத்திலிருந்து தப்பும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நீரில் விழுந்த கார் உடனே மூழ்கிவிடுவதில்லை. உள்ளிருக்கும் காற்றின் காரணமாக அது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கும். எஞ்சினின் பளுவால் முன்பக்கம் முதலில் தாழும். உயிர் பிழைப்பதற்கு உரிய காலம் இந்தச் சிறு பொழுதேயாம். இதைத் தொலைபேசியில் பேசுவதிலோ கதவுடன் போராடுவதிலோ கழித்துவிடலாகாது.

கதவு ஏன் திறப்பதில்லை? ஏரி நிறைந்திருக்கையில் மதகுப் பலகையைத் தூக்கிப் பார்த்த விவசாயிக்கு நீரின் அழுத்தத்தைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள கதவில் அரை மீட்டர் உயரத்திற்கு வெளிநீர் நின்றால், அதன் மீது ஏறத்தாழ 125 கிலோ பளு அழுத்தும். அன்றியும், கதவு திறந்துவிட்டாலும் நீர் வேகமாக உட்புகுந்து காரை விரைவில் மூழ்கடித்துவிடும்.

ஆகவே, ஜன்னலே வழி. கனடா நாட்டின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆட்களுடன் வாகனங்களை நீரில் இறக்கிப் பலமுறை சோதித்து, இம்முறையை வற்புறுத்தியுள்ளார்:

1. இருக்கை வாரை உடனே கழற்றுக.
2. நீர் கண்ணாடியின் மட்டத்தை எட்டுமுன் ஜன்னலை முழுவதும் இறக்குக. மின்விசையால் இயங்கும் ஜன்னல்களும் நீரில் விழுந்த பின் சிறிது நேரம் பெரும்பாலும் வேலை செய்யும்.
3. குழந்தைகளை முதலில் வெளியே தள்ளுக.
4. தாமதமின்றி நாமும் வெளியேறுவோமாக. பணப்பையோ பத்திரமோ உயிருக்கு ஈடாகா.

ஜன்னல் இறங்காவிடில், கூர்முனைச் சுத்தியலால் பக்கக் கண்ணாடியின் மூலையில் ஓங்கி அடித்தல் வேண்டும். முன்கண்ணாடி இடையே படலம் வைத்து ஒட்டப்பட்டதாகையால் அது விரிசல் விடுமேயன்றி எளிதில் வழிவிடாது. புதிய கார்கள் சிலவற்றில் பக்கக் கண்ணாடியும் அவ்வகையினதே. உரிமையாளர் முன்னரே விசாரித்து அறிந்துகொள்க. சுத்தியல் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். பின்புறப் பெட்டியில் கிடந்து பயனில்லை.

கார் முழுவதும் நீர் நிரம்பும்வரை பொறுத்திருந்தால் கதவு எளிதில் திறக்குமெனச் சிலர் கூறுவர். உள்ளும் புறமும் நீர் சமமானால் அழுத்தம் நீங்குமென்பது மெய்யே. ஆனால் அதுவரை மூச்சு தாங்குவது அரிது. வேறு வழி யாதுமில்லாதபோது மட்டுமே அது கடைசி முயற்சியாகும்.

கரையில் நிற்போர், "ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள்!" என உரக்கக் கூவுவதே முதல் உதவி. கயிறு, மூங்கில் கழி, காற்றடைத்த டியூப் ஆகியவற்றை எட்டிக் கொடுக்கலாம். நீந்தத் தெரியாதவர் நீரில் குதித்தல் கூடாது. உடனே ஒருவர் 112 அல்லது 108 எண்ணுக்குத் தகவல் தரவேண்டும்.

வருமுன் காப்பதே எல்லாவற்றினும் சிறந்தது. ஓடும் வெள்ளம் 30 சென்டிமீட்டர் உயர்ந்தாலே சிறிய கார்கள் பலவற்றை மிதக்கச் செய்யும்; 60 சென்டிமீட்டர் உயர்ந்தால் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் சென்றுவிடும். ஆதலின் தரைப்பாலத்திலும் சுரங்கப்பாதையிலும் ஆழம் காட்டும் அளவுக்கம்பம் நடுதல், நீர் ஏறியதும் வழியை அடைத்து ஆள் நிறுத்துதல், சாலையோரக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புதல், நீர்நிலை அருகே கயிறும் டியூபும் வைத்தல் ஆகியவற்றில் ஊராட்சி உறுப்பினர்கள் கருத்துச் செலுத்தவேண்டும். சாலையோ பாதையோ வேறு துறையினுடையதாயின், அத்துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து வற்புறுத்தலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் இவற்றை விவாதித்துத் தீர்மானித்தல் நலம். வெள்ளம் வந்தபின் வேலி தேடுவதால் பயனில்லை. நம் ஊர் நீர்நிலைகள் பயிருக்கு உயிர் தருவன. அவை உயிரைப் பறிக்காவண்ணம் காப்பது நம் கடமையன்றோ!